சம்பந்திச் சண்டை என்றொரு இசைத்தட்டு

தெரிந்த பாட்டு என்றால் நான் வாங்குவதில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவருக்கு இது இன்றைக்கும் வேடிக்கைதான். அவர் கடையில் இசைத்தட்டு தேடி வருகிறவர்கள் எல்லாரும் இளவயதில் கேட்ட ஏதோ ஒரு பாட்டைத் தேடி வருகிறவர்கள். கிடைத்துவிட்டால் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேரம் பேசவே மறந்துவிடுவார்கள். நான் போனால் மட்டும் அவர் எழுந்திருக்காமலே கடையின் பின்பக்கம் கையைக் காட்டுவார். "உங்க மால் அங்கே இருக்கு" என்று கன்னடத்தில் சொல்வார். உடைந்த மிக்சிகளுக்கும் ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவில், யாருக்கும் வேண்டாத தட்டுகள் கிடக்கும் மூலை அது. உறை இல்லாதவை, நடுவில் ஒட்டிய சீட்டு கிழிந்தவை, எந்த ஊர் எழுத்தென்றே தெரியாத எழுத்தில் ஏதோ அச்சடித்தவை எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அப்படி ஒரு தட்டை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கீறலை அல்ல. வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். கறுப்புத் தட்டில் ஒரு பாட்டு மட்டும் சாம்பல் பூத்திருந்தால், யாரோ அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அது யார், எதற்காக என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டில்தான் முள்ளை வைப்பேன். பாஷை புரியாது, ராகம் பிடிபடாது, பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடச் சில சமயம் சந்தேகமாக இருக்கும். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிடித்தமான பாட்டு என்பது மட்டும் உறுதி. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடைக்குப் போகிறேன். குனிந்து பொறுக்குகிறேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன், வாங்கிக்கொண்டு வருகிறேன். வந்து, பையோடு அலமாரியில் வைத்துவிடுகிறேன். பிளேயரின் மேல் துணி போர்த்தியிருக்கிறது. கேட்க வேண்டாம் என்று சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றாதது பற்றிக் கவலையும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு வாயை விட்டுப் போகாமல் தங்கிவிட்டது போல இருக்கிறது.

அவள் இருந்தவரை இந்தப் பழக்கத்துக்கு ஒரு முறை இருந்தது. புதுத் தட்டு வந்தால், அது என்ன பாஷை, எந்த நாடு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். குவெம்பு நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற இன்ஜினியர். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், அதனால் அவருடைய தமிழில் பாதி கன்னடம். அவரும் தட்டு சேர்ப்பவர்தான், ஆனால் என்னைப் போலக் குப்பை பொறுக்குகிறவர் அல்ல. பிளேயரைக் கம்பி வழியாக நேரே கம்ப்யூட்டரில் இணைத்து, தூசுச் சத்தம் முதற்கொண்டு நீக்கி, பாட்டைத் துடைத்து வைக்கிறவர். எனக்கு அந்தக் கம்பி சமாசாரம் ஒத்துவராது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் போனை வைத்து ரெக்கார்ட் செய்து, அவருக்கு அனுப்பிவிடுவேன். அவர் கேட்டு, இணையத்தில் தேடி, வெளியூர்க்காரர்களிடம் விசாரித்து, இன்ன பாஷை என்று சொல்வார்.

எங்கள் வீடு சின்னது. பாட்டு ஓடுவது ஹாலில், அடுக்களை அதே ஹாலின் தொடர்ச்சிதான். ரெக்கார்ட் ஆகிறது என்று சொன்னால் ஊமையாகிவிடும் பழக்கம் என் மனைவிக்குக் கிடையாது. அவள் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கே ஒருவர் பேச ஆரம்பித்தால் டிராக்டர் போனாலும் நிறுத்த மாட்டார்கள், குரலைத்தான் கூட்டுவார்கள். எனவே நான் அனுப்பிய ரெக்கார்டிங் எல்லாவற்றிலும் குக்கர் விசிலும் அவளும் இருந்தார்கள். நண்பர் ஒவ்வொரு முறையும், "பாட்டு நல்லா இருக்கு சார், பேச்சுதான் ஜாஸ்தி. ஒரு கம்பி வாங்குங்க" என்பார்.

பெயர் தெரியாத தட்டுகளுக்கு அவளே பெயர் வைத்துவிடுவாள். அடித் தொண்டையில் ஒருவர் உறுமிக்கொண்டே இருக்கும் தட்டு ஒன்று வந்தது. அதற்குப் பெயர் பல்வலிக்காரர். திபெத்துப் பிரார்த்தனை என்று நண்பர் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். இன்னொன்றில் ஒருவன் குரலை உடைத்து உடைத்து, எங்கோ தூரத்தில் இருக்கும் யாரையோ கூப்பிடுவது போலப் பாடினான். அவன் மாடு தொலைத்தவன். அது ஐரோப்பாவில் மலைமேல் இருக்கிறவர்கள் பாடும் பாட்டு என்று தெரிந்ததும் நான் அவளிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

"மலைக்காரனா? அப்ப மாடு தொலைஞ்சுதான் இருக்கும். நாஞ்சொன்னது சரிதானுங்க" என்றாள்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிப் பார்த்தேன். "கழுதை இல்லீன்னா உங்க கற்பூரத்தை ஆருங்க சுமக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். தட்டு அலமாரியைத் துடைக்கிறவள் அவள்தான்.

கடைசிவரை என்ன பாஷை என்றே தெரியாமல் போனது ஒரு தட்டு. பழைய அரக்குத் தட்டு, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அதில் ஒரு பெண் ஏதோ கேட்பாள், நாலைந்து ஆண்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். பதில் அவளுக்குத் திருப்தியாக இருக்காது போலிருக்கிறது. மறுபடி கேட்பாள், இந்த முறை கொஞ்சம் உரக்க. அவர்கள் பழைய பதிலையே சொல்வார்கள். என் மனைவி அதற்குச் சம்பந்திச் சண்டை என்று பெயர் வைத்தாள். பெண் வீட்டுக்காரி சீர் விஷயமாகக் கேட்கிறாள், மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் மழுப்புகிறார்கள் என்று கதையும் சொன்னாள். நண்பர் எவ்வளவோ தேடியும் பிடிகிடைக்காததால், அவருடைய கம்ப்யூட்டரிலும் அது சம்பந்திச் சண்டை என்ற பெயரிலேயே இருந்தது.

அந்தத் தட்டை உடைத்தவளும் அவள்தான். ஒரு கோடைக்காலத்தில், தட்டெல்லாம் ஒரே பிசுக்காக இருக்கிறதே, முள் எப்படி ஓடும் என்று நல்ல எண்ணத்தோடு அதை எடுத்துச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். கழுவியதோடு விட்டிருக்கலாம். மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்த துணியின் ஓரத்தில் இதையும் காய வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அரக்கு வெயிலுக்கு இளகும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? அன்று மத்தியானம் சாப்பாட்டில் நெய் கூடுதலாக இருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே மூன்று துண்டுகள். வெயிலில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டதாம். அதை நிமிர்த்த அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாளாம்.

"வளைஞ்சத நிமித்தலாம்னு பாத்தனுங்க" என்றாள்.

சாயங்காலம்வரை துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவளே வந்து, "சம்பந்திக்குள்ள சண்டை முத்திப் போச்சுங்க, வேறென்ன" என்றாள். சிரித்துவிட்டேன்.

அவளுக்கு வந்தது சளி என்று ஆரம்பித்த காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். போன வருஷத்து மழைக்காலத்தில் போய்விட்டாள். ஹனூரிலிருந்து உறவுக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் மாற்றி மாற்றி என்னிடம் வந்து, "அழுதுருங்க, நெஞ்சுக்குள்ள வெச்சுக்காதீங்க" என்றார்கள். நெஞ்சுக்குள் ஏதாவது இருந்தால்தானே வெளியே எடுப்பதற்கு. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்தேன். எல்லாரும் போன பிறகு பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். அதைச் சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வாரங்கள் கழித்து நண்பர் வந்தார். என் தட்டுகளையெல்லாம் பெட்டியோடு எடுத்துப்போய் முறைப்படி ரெக்கார்ட் செய்து தரட்டுமா என்று கேட்டார். வேறு சமயமாக இருந்தால் ஒரு தட்டைக்கூட வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு, "எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்றேன். ஆட்டோவில் ஏற்றியும் விட்டேன். நான்கைந்து மாதத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. ரெக்கார்டிங் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். நான் அதை மறந்தே போனேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். வருஷத் திதிக்கு யார் யாருக்குச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தினாள்.

"அப்பா, அம்மா வாய்ஸ் ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"எதுக்கும்மா?"

"சும்மா கேக்கணும், அஷ்டே, அவ்வளவுதான். எனக்கு மறந்து போகுதுப்பா. முகம் ஞாபகம் இருக்கு, குரல் வரமாட்டேங்குது."

அவளிடம் ஒன்றும் இல்லை. என் மனைவி போனில் குரல் பதிந்து அனுப்புகிறவள் அல்ல. கூப்பிடுவாள், பேசுவாள், வைத்துவிடுவாள். கல்யாண வீடியோக்களில் அவள் வரும் இடத்திலெல்லாம் நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். வாய் அசைகிறது, அவ்வளவுதான். பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்லி வைத்த பிறகுதான் எனக்கு அந்த ரெக்கார்டிங்குகள் ஞாபகம் வந்தன. பல வருஷத்துப் பாட்டு, அத்தனையிலும் அவள். பல்வலிக்காரருக்கு நடுவில் உளுந்து ஊறப்போட்டது பற்றி, மாடு தொலைத்தவனுக்கு நடுவில் பக்கத்து வீட்டுக் குழாய் பற்றி. இவ்வளவு இருக்கும்போது இல்லையென்று எப்படி நினைத்தேன் என்று இருந்தது.

என் போனில் ஒன்றும் இல்லை. பழைய போனைக் கடையில் கொடுத்துத்தான் இந்தப் போனை வாங்கியிருந்தேன். நண்பரிடம் எல்லாம் இருக்கும். அவர் ஒரு துரும்பையும் தூக்கிப் போடாத மனிதர். கூப்பிட்டேன். "நானே கூப்பிடணும்னு இருந்தேன், வாங்க வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நாற்காலியைத் துடைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். கல்யாணச் சாப்பாடு பரிமாறப் போகிறவர் போல இருந்தார்.

"நோடி சார், இதைக் கேளுங்க" என்று மாடு தொலைத்தவனைப் போட்டார்.

கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது பாட்டு. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. முதல் கூவல் முடிந்து இரண்டாவது கூவல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடத்தில்தான் அவள், "இன்னுமா கிடைக்கல?" என்று கேட்டிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடம் வந்தது. வெறும் இடைவெளியாக இருந்துவிட்டுப் போய்விட்டது.

"பழைய ரெக்கார்டிங் இருக்குமே சார், நான் போன்ல அனுப்பினது?" என்று கேட்டேன்.

"அந்தக் கசடெல்லாம் எதுக்கு சார்? ஒவ்வொரு தட்டையும் புதுசா எடுத்தேன். புதுசு முடிஞ்சதும் பழசை அழிச்சிட்டேன். அதுதான் என் பழக்கம், ரெண்டு காப்பி இருந்தா எது நல்லதுன்னு குழப்பம் வரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டம்மா போனப்புறம் உங்களுக்கு ஏதாவது பண்ணணும்னு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார்.

அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறார். என்மேல் வைத்த பிரியத்தில் செய்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றேன். அவர் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று இப்போது கேட்டால் தெரியாது.

கிளம்பும்போது ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சரியா வரலை சார், தப்பா நினைக்காதீங்க. அந்தச் சம்பந்திச் சண்டை. தட்டு உடைஞ்சு போச்சே, புதுசா எடுக்க முடியல. அதனால உங்க பழசையே வெச்சிருக்கேன். கேக்கவே முடியாது, முழுக்கப் பேச்சு. அழிச்சிடலாம்னுகூட நினைச்சேன். வேற காப்பி கிடையாதேன்னு விட்டேன்."

பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, வழியெல்லாம் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதைச் செருகிப் போட்டேன். மத்தியான நேரம். முதலில் முள் உட்காரும் சத்தம், பிறகு அரக்குத் தட்டுக்கே உரிய இரைச்சல். அந்தப் பெண் தன் கேள்வியைக் கேட்டாள். ஆண்கள் பதில் சொன்னார்கள். அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

"ஏனுங்க, கீரைக்காரி வந்துருக்கறா. சில்லறை இருக்குதுங்களா?"

என் குரல், கிசுகிசுப்பாக: "ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டும், நானா வேண்டாங்கறேன். பாட்டு நாளைக்கும் இருக்கும், கீரை இருக்குமாங்க?"

அங்கே நிறுத்திவிட்டேன். நிறுத்தினேனா, கை தானாக நிறுத்தியதா தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வராதது, ஹனூர்ப் பெண்கள் அத்தனை பேர் சொல்லியும் வராதது, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது. சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். அது தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. வலித்தது. இத்தனை மாதம் கழித்து, எனக்கு வலித்தது.

முகம் கழுவிவிட்டு வந்து மீதியைக் கேட்டேன். கீரைக்காரியோடு பேசுகிறாள். திரும்பி வந்து, மகள் போன் பண்ணினாளா என்று என்னைக் கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. பிறகு பாட்டைக் கவனிக்கிறாள் போலிருக்கிறது. "இவ கேக்கறதும் நாயந்தானுங்க" என்று அந்தப் பாட்டுக்காரிக்காகப் பரிந்து பேசுகிறாள். அதன் பிறகு நீளமாக ஏதோ சொல்கிறாள். ஆனால் அந்த இடத்தில் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடுகிறார்கள். பல முறை போட்டுப் பார்த்தும் அவள் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்றும் தெரியவில்லை.

மகளுக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள். மூக்கு அடைத்திருந்தது.

"அப்பா, கடைசில அம்மா என்னமோ சொல்றாங்க. அந்தப் பாட்டு ஜோரா, சத்தமா வருது, ஒண்ணும் கேக்கல. அதைக் கொஞ்சம் கொறைக்க ஆகுமா?"

இத்தனை வருஷம் தட்டு பொறுக்கியவனிடம் என் மகள் கேட்கிறாள், பாட்டைக் குறைக்க முடியுமா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தட்டு எந்த நாட்டுடையது என்று கண்டுபிடிக்க நானும் நண்பரும் பட்ட பாடெல்லாம் ஞாபகம் வந்தது. இனிமேல் அது எந்த நாடாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நண்பரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்தச் சம்பந்திச் சண்டையைச் சுத்தம் பண்ண முடியுமா? இரைச்சலை மட்டும் எடுக்கணும்."

"நானே பார்த்தேன் சார், கஷ்டம்தான். இப்போ புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு, முயற்சி பண்ணலாம். பேச்சு முழுக்கப் போயிடும்னு சொல்ல முடியாது."

"பேச்சு இருக்கட்டும் சார்" என்றேன். "பாட்டை எடுத்துடுங்க."